கேள்வி பதில்: வெளிச் சேவையை அழைக்கும் சர்வர் நிரல்கள்

கேள்வி: எங்கள் பைத்தான் நிரல் பணம் வசூலிக்க வெளி ஏபிஐ (வேறொரு சேவையின் நிரல் இடைமுகம்) ஒன்றை அழைக்கிறது. அந்தச் சேவை மந்தமானால் எங்கள் தளம் மொத்தமும் நின்றுவிடுகிறது. அதற்குச் சம்பந்தமில்லாத பக்கங்கள்கூடத் திறப்பதில்லை. ஏன்?

பதில்: டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு, கொடுக்காமல் அழைத்திருப்பீர்கள். பைத்தானின் ரிக்வஸ்ட்ஸ் நூலகத்தில் அதைக் கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை நிரல் காத்துக்கிடக்கும். ஜாவாவின் பழைய எச்டிடிபியூஆர்எல்கனெக்‌ஷனும் அப்படித்தான். டாட்நெட்டின் எச்டிடிபிகிளையன்ட் 100 விநாடியில் கைவிடும். அதுவுமே பயனர் முன்னால் காத்திருக்கும் பக்கத்துக்கு மிக அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 20 வொர்க்கர்கள் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் சர்வர் செயல்கள்) இருக்கின்றன, ஒரு கோரிக்கைக்கு 0.2 விநாடி ஆகிறது என்றால் விநாடிக்கு 100 பேருக்குப் பதில் சொல்லலாம். அதே கோரிக்கை 30 விநாடி இழுத்தால் நிமிடத்துக்கே 40 பேர்தான். முகப்புப் பக்கம் கேட்டு வருபவரும் அதே 20 வொர்க்கர்களுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்.

ரிக்வஸ்ட்ஸில் டைம்அவுட்=(3, 10) என்று இரண்டு எண்களாகக் கொடுங்கள். முதலாவது இணைப்பு கிடைப்பதற்கு, இரண்டாவது பதிலைப் படிப்பதற்கு. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த 10 விநாடி மொத்த நேரத்துக்கான வரம்பு அல்ல. ஒரு துண்டுத் தரவுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காத்திருப்புக்குத்தான். எதிர்ப்பக்கம் 9 விநாடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டிக்கொண்டிருந்தால் டைம்அவுட் வரவே வராது. மொத்த நேரத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக வைக்க வேண்டும். பிஎச்பியில் கர்ல் நூலகம் பயன்படுத்துவோருக்கு இது எளிது: அதன் டைம்அவுட் அமைப்பு மொத்த நேரத்தையே கட்டுப்படுத்தும். ஆனால் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை.

கேள்வி: டைம்அவுட் வைத்து, தவறினால் மூன்று முறை முயலும்படி எழுதினேன். இப்போது சிலரிடம் இரண்டு தடவை பணம் பிடிக்கப்படுகிறது.

பதில்: டைம்அவுட் வந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. நடந்ததா என்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கோரிக்கை போய்ச் சேரவில்லை. தாராளமாக மறுபடி அனுப்பலாம். அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அறுந்தால், அங்கே பணம் எடுக்கப்பட்டிருக்கலாம்.

இதற்காகவே பல கட்டணச் சேவைகள் ‘ஐடெம்போடென்ஸி கீ’ (ஒரு கட்டணத்துக்கான தனி அடையாளக் குறி) கேட்கின்றன. ஒரே கீயுடன் இரண்டாம் முறை வரும் கோரிக்கைக்குப் புதிதாகப் பணம் பிடிக்காமல் முதல் முறையின் முடிவையே திருப்பித் தரும். நாங்கள் பார்க்கும் நிரல்களில் அடிக்கடி வரும் பிழை, கீயை மறுமுயற்சி லூப்பின் உள்ளே உருவாக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கீ பிறந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மூன்றும் மூன்று தனிக் கட்டணங்கள்தான். ஆர்டரைப் பதியும்போதே கீயை உருவாக்கித் தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். அழைப்பு அதன் பிறகுதான். நடுவில் சர்வர் விழுந்து எழுந்தாலும் அதே கீ கையில் இருக்கும். சேவையில் இந்த வசதி இல்லையென்றால், ஆர்டர் எண்ணைக் கொண்டு நிலையை விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

எல்லாத் தவறுக்கும் மறுமுயற்சி கூடாது. 400 (தவறான கோரிக்கை), 401 (அடையாளம் சரியில்லை), 403 (அனுமதியில்லை) வந்தால் எத்தனை முறை தட்டினாலும் அதே பதில்தான். 429 (அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள்), 503 (சேவை தற்காலிகமாக இல்லை) வந்தால், எப்போது மறுபடி முயலலாம் என்று சொல்லும் ‘ரீட்ரை ஆஃப்டர்’ தலைப்பைப் பாருங்கள். அது விநாடிக் கணக்காகவும் இருக்கலாம், தேதியாகவும் இருக்கலாம், இரண்டையும் கையாளுங்கள். அது இல்லாவிட்டால் 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, கொஞ்சம் தற்செயல் நேரமும் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா வொர்க்கர்களும் ஒரே நொடியில் மறுபடி மோதும்.

கேள்வி: பிரவுசரில் திறக்கும் முகவரி, சர்வரிலிருந்து அழைத்தால் சான்றிதழ் பிழை தருகிறது. வெரிஃபை=ஃபால்ஸ் (சான்றிதழைச் சரிபார்க்காதே) போட்டால் வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. நடுவில் யார் உட்கார்ந்து ஏபிஐ கீயைப் படித்தாலும் உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இடைச் சான்றிதழை (தளத்தின் சான்றிதழை நம்பகமான ரூட் சான்றிதழோடு இணைப்பது) அனுப்ப மறந்திருக்கும். பல பிரவுசர்கள் அதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். பைத்தான் அப்படிச் செய்யாது. சரிசெய்ய வேண்டியது அவர்கள். அதுவரை ரூட், இடைச் சான்றிதழ் இரண்டும் உள்ள கோப்பின் பாதையை வெரிஃபைக்குக் கொடுங்கள். சர்வர் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஆங்கிலப் பெயர்கள் சரியாகப் போகின்றன. தமிழ்ப் பெயர் இருந்தால் ஜேசான் (தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) தவறு என்று 400 வருகிறது.

பதில்: அனுப்பும் தரவு எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட் லெங்த் தலைப்பை நீங்களே கணக்கிட்டு எழுதுகிறீர்களா? ‘தமிழ்’ என்பதில் யூனிகோடு குறிகள் 5. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. நோட்.ஜேஎஸ்ஸில் சரத்தின் லெங்த் 5 என்றே சொல்லும். அந்த எண்ணை அனுப்பினால் எதிர்ப்பக்கம் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிடும், மூடும் அடைப்புக்குறி போய்ச் சேராது. பஃபர்.பைட்லெங்த் கொண்டு அளவெடுங்கள், அல்லது அந்த வரியையே நீக்கிவிட்டு நூலகத்திடம் விடுங்கள்.