'அனலைஸ்', 'இன்ஃபர்' போன்ற சொற்களை எளிய ஆங்கிலத்தில் எப்படிக் குறித்துக்கொள்வது?
பாடநூலில் வரும் ஆங்கிலச் சொற்களின் பொருள் அகராதி பார்த்தும் மனத்தில் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எவற்றைப் படிப்பது என்பதற்கு நியூசிலாந்தின் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியல் ('அகாடெமிக் வேர்ட் லிஸ்ட்') நல்ல தொடக்கம். அதில் 570 சொற்குடும்பங்கள், அதாவது 'அனலைஸ்', 'அனாலிசிஸ்' போல ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவற்றின் தொகுதிகள். கல்விசார் நூல்களில் ஏறத்தாழ 10 சதவீதச் சொற்கள் இவைதான். 10 பகுதிகளில் முதலாவதில் உள்ளவையே மிக அடிக்கடி வருபவை.

விளக்கம் எப்போதும் அந்தச் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும். 'அனலைஸ்' என்பதற்கு 'எக்ஸாமின்' என்று எழுதினால் ஒரு கடினச் சொல் போய் இன்னொன்று வருகிறது, அவ்வளவே. 'லுக் அட் ஈச் பார்ட் டு அண்டர்ஸ்டாண்ட் த ஹோல்' என்று எழுதுங்கள்.

பலரும் தடுமாறுவது 'இம்ப்ளை', 'இன்ஃபர்' இரண்டிலும். சொல்பவர் நேரடியாகச் சொல்லாமல் உணர்த்துவது இம்ப்ளை. கேட்பவர் தடயங்களைக் கொண்டு புரிந்துகொள்வது இன்ஃபர். 'ஒர்க் அவுட் ஃப்ரம் க்ளூஸ்' போதும். குறிப்பறிதல் என்று நம்மிடம் அழகான சொல்லே இருக்கிறதே!

'சிக்னிஃபிகன்ட்' துறைக்கேற்ப மாறும். பொதுவாக 'இம்பார்ட்டன்ட்', புள்ளியியலிலோ தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள். அங்கே அது பெரிய வேறுபாட்டைக் குறிப்பதில்லை. இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

விளக்கத்தோடு ஒரு முழு வாக்கியமும் கட்டாயம் வேண்டும். 'டிஸ்கஸ்' என்பதற்கு 'டாக் அபவுட்' என்று மட்டும் எழுதிவைப்பவர்கள் தேர்விலும் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறார்கள்; 'டிஸ்கஸ்' வினைக்குப் பின் 'அபவுட்' வராது. 'வீ டிஸ்கஸ்டு த ரிசல்ட்ஸ்' என்ற வாக்கியம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பிழை வராது.