அரசவையில் ஒரு மந்திரவாதி: சக்தியைக் குறைக்காமல் கதையைக் காப்பது எப்படி?

கேள்வி: மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். அரசனுக்கு ஆலோசகராக ஒரு வயதான மந்திரவாதி. வருங்காலம் அவருக்குத் தெரியும், நெருப்பையும் ஏவுவார். எந்த நெருக்கடி வந்தாலும் ஒரே பக்கத்தில் தீர்த்துவிடுகிறார். படித்துப் பார்த்த நண்பர்களோ, 'இவ்வளவு முடிந்தவர் ஏன் தானே அரசனாகவில்லை?' என்கிறார்கள். அவருடைய சக்தியைக் குறைத்துவிடலாமா?

பதில்: குறைத்துப் பயனில்லை. நெருப்பைப் பாதியாக்கினால் நெருக்கடி இரண்டு பக்கத்தில் தீரும், அவ்வளவுதான். கை வைக்கவேண்டியது அவையில் அவர் சொல் எவ்வளவு எடுபடுகிறது என்பதில்.

நண்பர்களின் கேள்வியை முதலில் பார்ப்போம். நெருப்பால் ஒரு கோட்டையை எரிக்கலாம். அதே கோட்டையிலிருந்து அடுத்த ஆண்டு வரி வாங்க முடியாது. தானியக் கிடங்கு, படைக்குச் சம்பளம், சிற்றரசர்களின் விசுவாசம், வாரிசுரிமை எல்லாம் அரசன் கையில் இருக்கின்றன. அரசனிடமிருந்து மந்திரவாதிக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: காவலா, அரிய பொருள்களா, நூலகமா? ஒன்று போதும், ஆனால் அது வேறெங்கும் கிடைக்காததாக இருக்க வேண்டும்.

வரலாற்றில் இதற்கு நல்ல மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் முடிசூட 1559 ஜனவரி 15-ஐக் குறித்துக் கொடுத்தவர் கணித அறிஞரும் சோதிடருமான ஜான் டீ. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1555-இல், அன்றைய அரசி மேரியின் ஜாதகத்தைக் கணித்த குற்றத்துக்காகக் கைதானவரும் அவரேதான். ஆள்பவர் எப்போது சாவார் என்று கணக்குப் போட்டாலே ராஜதுரோகமாகிவிடும் காலம் அது. டீயின் கூட்டாளி எட்வர்ட் கெல்லி தங்கம் செய்து தருவதாகப் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபை நம்பவைத்துப் பட்டம்கூடப் பெற்றார். 1591-இல் அதே ருடால்ஃப் அவரைச் சிறையில் தள்ளினார். குளிர்காய்கிறவன் தீயருகே உட்காருவதுபோல, விலகாமலும் ஒட்டாமலும் இருந்தாக வேண்டிய உத்தியோகம் இது. 'அரசனின் மரணத்தை மட்டும் பார்க்கக் கூடாது' என்று உங்கள் நாட்டிலும் ஒரு சட்டம் போட்டுப் பாருங்கள். அவர் தற்செயலாக அதைப் பார்த்துவிடும் அத்தியாயம் தானாகவே வந்து நிற்கும்.

அடுத்தது விலை. மந்திரம் போட்டதும் மயங்கி விழுவது தேய்ந்துபோன உத்தி. விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் எழுந்துவிடுவார் என்று வாசகருக்குத் தெரியும். விலை அவருடைய ஆலோசகர் வேலையையே பாதிக்கட்டும். உதாரணமாக, ஒருமுறை வருங்காலத்தைப் பார்த்தால் மூன்று நாள் அவருக்குக் கண் தெரியாது. அந்த மூன்று நாளும் ஒற்றர் ஓலைகளை வேறொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால்? சக்தி அப்படியே இருக்கிறது, அரண்மனைச் சூதுக்கும் கதவு திறந்துவிட்டது. இந்த விதியை நாவலின் முதல் கால்பகுதிக்குள், பெரிதாக எதுவும் நடக்காத ஒரு காட்சியில் காட்டிவிடுங்கள். நெருக்கடி வந்தபின் சொன்னால் வசதிக்காகக் கண்டுபிடித்தது போலிருக்கும்.

முன்னறிவை முழு வாக்கியமாகக் கொடுக்காதீர்கள். 'அரசே, வடக்குக் கோட்டை விழும்' என்றால் பேச எதுவும் மிச்சமில்லை. பதிலாக, தண்ணீர்த் தட்டில் அவர் ஒரே ஒரு காட்சியைப் பார்க்கிறார்: கோட்டை வாசலின் குறுக்குமரம் முற்றத்தில் கிடக்கிறது, உடையாமல். யாரோ உள்ளிருந்து கழற்றியிருக்கிறார்கள் என்று அவர் பொருள் சொல்கிறார். வடக்குக் கோட்டை தன் தம்பி பொறுப்பில் இருப்பதால் சேனாதிபதியின் கை வாளுக்குப் போகிறது. பழுதுபார்க்கக் கழற்றியிருக்கலாமே என்கிறார் பொக்கிஷதாரர், செலவுக்குப் பயந்து. கண்டது உண்மை, பொருள் சந்தேகம், முடிவு அரசனுடையது. ஒவ்வொரு ஆலோசனைக் காட்சியிலும் மந்திரவாதியைத் தவிர குறைந்தது இரண்டு பேர், அவரவர் சொந்தக் காரணத்தோடு இருக்கட்டும்.

அரசனும் சும்மா தலையாட்டக் கூடாது, சோதிக்க வேண்டும். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் தம் சோதிடர் மைக்கேல் ஸ்காட்டிடம், அரண்மனையிலிருந்து வானம் எவ்வளவு தூரம் என்று கேட்டாராம். பதிலை வாங்கிக்கொண்டு, அவரைச் சில மாதம் வெளியூர் அழைத்துப்போய், அதற்குள் அந்தக் கூடத்தை ரகசியமாகக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டச் செய்தார். திரும்பி வந்து மறுபடி கணித்த ஸ்காட், வானம் உயர்ந்திருக்க வேண்டும் அல்லது தரை இறங்கியிருக்க வேண்டும் என்றார். 13-ஆம் நூற்றாண்டுத் துறவி சலிம்பேனே எழுதிவைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, இருவரையும் ஒரே காட்சியில் நிறுத்திவிடுகிறது.

தாடி, கைத்தடி, புகை மண்டலம் எல்லாம் உங்கள் விருப்பம். 'தாங்கள் அறியாததல்ல அரசே' என்று தொடங்கி நாட்டு வரலாற்றை ஒப்பிக்கும் வசனங்களை மட்டும் வெட்டிவிடுங்கள். இறுதிப் போரின்போது அவரைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிடும் குறுக்குவழியும் வேண்டாம். அவர் அங்கேயே இருக்கட்டும், கண் தெரியாத இரண்டாம் நாளில்.

திருத்தும்போது அவருடைய முக்கியமான ஆலோசனைகளை எண்ணுங்கள். ஐந்து என்றால், அரசன் இரண்டை ஏற்கட்டும், ஒன்றைப் பாதி ஏற்கட்டும். நான்காவதை மறுத்து நஷ்டப்படட்டும். ஐந்தாவதையும் மறுக்கட்டும், ஆனால் அதில் அரசன் முடிவே சரியாகிப் போகட்டும். அந்த ஐந்தாவது காட்சியை முதலில் எழுதிவிடுங்கள். மற்ற நான்கில் யார் எவ்வளவு பேச வேண்டும் என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.