மாத்திரையைக் கூட்டினார்கள், மனிதரே மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. தங்கச்சிமடத்தில் விசைப்படகுத் தொழில். நாலு மாதத்துக்கு முன்பு வலிப்பு வந்தது. லெவெடிராசிட்டம் 500 மி.கி. காலையும் இரவும் கொடுத்தார்கள். போன மாதம் அதை 1000 ஆக்கினார்கள். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் அதிர்ந்து பேசாத மனிதர் இப்போது குழம்பில் உப்பில்லை என்று சோற்றுத் தட்டை வீசுகிறார். பிள்ளைகளிடம் கை ஓங்குகிறார். அரை மணி நேரத்தில் அவரே உட்கார்ந்து அழுகிறார். அத்தை, "காத்து கருப்பு, ஏர்வாடிக்குக் கூட்டிப் போவோம்" என்கிறார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. ஒரு வேளை மருந்துகூடத் தவற வேண்டாம். இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிடப் பலமாக, விடாமல் தொடர்ந்து வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் சந்தேகம் சரியானதுதான். லெவெடிராசிட்டம் வலிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில் இதைச் சாப்பிட்டவர்களில் 100க்கு 13 பேரிடம் இப்படி நடத்தை மாற்றம் தெரிந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 6 பேர். குழந்தைகளிடம் இன்னும் அதிகம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த அழுகைதான். மனசுக்குள் பகை வைத்துக் கோபப்படுகிறவர் அரை மணியில் அழ மாட்டார். தன் கை ஓங்கியதை அவரே நம்ப முடியாமல் பார்க்கிறார். அவர் கெட்டவராகிவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

இருந்தாலும் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட முடியாது. கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்குக் கோபம் வரத்தான் செய்யும். கடன், தூக்கமின்மை, குடி, எதுவும் காரணமாகலாம். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திடீரென்று குடியை விட்டாலும் வலிப்பு வரும்.

எது காரணம் என்பதைத் தேதிதான் காட்டிக்கொடுக்கும். மருந்துக்கடை பில்லை எடுங்கள். மாதக் காலண்டரில் மாத்திரை தொடங்கிய நாள், 1000 ஆக்கிய நாள் இரண்டையும் வட்டமிடுங்கள். தட்டு பறந்த நாள், தூங்காத இரவு எல்லாவற்றையும் அதே தாளில் குறியுங்கள். அளவு கூடிய சில நாளிலேயே ஆத்திரமும் கூடியிருந்தால், மருந்து மேல் சந்தேகம் பலப்படும். அந்தத் தாளோடு நீங்களும் டாக்டரிடம் போங்கள். அவரைத் தனியாக அனுப்பினால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

டாக்டர் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றி இதை இறக்கலாம். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் வழக்கமான அளவே அதிகமாகிவிடும்.

மறுபடி கடலுக்குப் போகலாமா? டாக்டர் சம்மதிக்கும்வரை வேண்டாம். வலிப்பு வந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீரே எமன். இரவெல்லாம் கண் விழித்து வலை இழுப்பதும் வலிப்பைக் கூப்பிடும். கரையில் வலை பின்னுகிற வேலை இருந்தால் செய்யட்டும், சும்மா இருப்பதைவிட மனசுக்கு அது நல்லது.

அத்தையிடம் சண்டை போடாதீர்கள். ஏர்வாடி தர்காவில் எல்லா மதத்தாரும் வேண்டிக்கொள்கிறார்கள், நீங்களும் போய் வாருங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு. அவரை அங்கே விட்டுவிட்டு வருவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். நம் மாவட்டம் அதை மறக்கவே கூடாது. மனநலம் குன்றியவரைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

மனசைக் கலைக்கும் மருந்து இது ஒன்றுதான் என்றில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் பிரட்னிசலோன் தூக்கத்தைக் கெடுக்கும், சிலரை அளவுக்கு மீறிய உற்சாகத்தில் தள்ளும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் மனச்சோர்வையும் மனப்பிறழ்வையும் கொண்டுவரலாம். ஆஸ்துமா மாத்திரை மான்டிலுகாஸ்டுக்கு 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான மனநல எச்சரிக்கை விதித்தது. புது மாத்திரை வந்த வீட்டில் குணம் மாறினால், முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

அவர் "செத்துப்போகலாம்" என்று பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரவானால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம், கட்டணம் இல்லை. அடி விழும் என்று தோன்றினால் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இன்று ராத்திரியே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பாவுக்கு மாத்திரை ஒத்துக்கவில்லை போல, உங்க மேல கோபம் இல்லை" என்று சொல்லுங்கள். அவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.