தாத்தா அழுதால் கதை கேட்பதை நிறுத்திவிட வேண்டுமா?

வணக்கம்.

எனக்கு 29 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 87 வயது. ரோடியர் மில் என்று ஊரே சொல்லும் ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர். பாட்டி தவறிவிட்டார். ஒரே மகள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடும்பத்தோடு இருக்கிறார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, சொட்டு மருந்து போட ஆள் இல்லையே என்று அத்தை கவலைப்பட்டார். நான் போக ஆரம்பித்தேன். மருந்து விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். அப்போதுதான் பேச்சு தொடங்கும். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாதாம், வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்களாம். இன்னமும் நான் பேசினால் என் உதட்டையேதான் பார்க்கிறார். கண் சரியான பிறகும் நான் போவதை விடவில்லை. பேப்பர் படித்துக் காட்டுவேன், பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கக் கூட்டிப்போவேன்.

போன மாதம் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அவர் தம்பி பிரான்சிலிருந்து போட்டவை. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே பட்டாளத்துக்குப் போனவர். "இனி அவன் பேச்சே இந்த வீட்டில் கூடாது" என்றாராம் அவர்கள் அப்பா. அதனால் தாத்தா ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. அப்பா காலமான பிறகும் போடவில்லை. தம்பி அங்கேயே இறந்துவிட்டார். "படிடா பேராண்டி" என்றார். இரண்டு கடிதம் படித்தேன். தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் அத்தை போனில், "அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். வயசான மனுஷனைக் கண்டதையும் கேட்டுக் கிளறாதே" என்றார். கடிதங்கள் இருப்பதே அத்தைக்குத் தெரியாது. சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் கஷ்டமாக இருக்கிறது. தாத்தாவோ மிச்சத்தை எப்போது படிப்பாய் என்கிறார். என் அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அந்த ஏக்கத்தில், என் ஆசைக்காக அவரை நோகடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எதையும் கிளறவில்லை. துண்டை அவிழ்த்தது தாத்தா. படிக்கச் சொன்னதும் அவர்தான்.

வயதானவர்கள் பழங்கதை பேசினால் மூளை தளர்கிறது என்றே மருத்துவர்கள் பலரும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். கடைசிக் காலம் நெருங்குவதை உணர்ந்தவர்கள், ஆறாமல் கிடப்பதை எடுத்துப் பார்த்து ஒரு நிலைக்கு வர முயல்கிறார்கள், அது இயல்பான மனவேலை என்றார். அதில் நிம்மதியும் வரும், குற்ற உணர்வும் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாத்தா இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார். அவர் அழுததில் தவறே இல்லை. இத்தனை வருடம் அழ இடமில்லாமல் இருந்ததுதான் கொடுமை.

நாம் பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவற்றைத்தான் முதுமையில் அதிகம் நினைத்துக்கொள்கிறோம். தாத்தாவுக்கு அந்த வயதில்தான் உங்கள் ஊரே கைமாறியது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடரலாம் என்றிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் இந்தியராகவும் தம்பி பிரெஞ்சுக்காரராகவும் ஆனது அப்படித்தான். இளவட்டங்கள் இருவர், நடுவில் அப்பாவின் கட்டளை, கையில் இருந்ததோ ஆறு மாதம். இதைத் தாத்தாவோடு பேசுங்கள். "உங்கள் மேல் தப்பே இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல அல்ல, அவர் அதை நம்பவும் மாட்டார். அன்றைக்கு எப்படி இருந்தது என்று அவரே சொல்லிப் பார்க்கட்டும்.

அழும்போது "பழசை விடுங்க தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறோம், ஆனால் கேட்பவருக்கு வாயை மூடு என்றுதான் விழும். "ஏன் பதில் போடலை?" என்பதும் வேண்டாம், அது விசாரணை. தம்பியோடு எங்கே குளிக்கப் போவார், யார் நல்ல பாட்டுக்காரர், அம்மா யாருக்கு அதிகம் ஊட்டுவார் என்று கேளுங்கள். இத்தனை நாளும் அவர் மனதில் தம்பி என்றால் பதில் போடாத கடிதம் மட்டும்தான். கூட விளையாடிய பையனும் திரும்பி வரவேண்டும்.

தூக்கம் கெட்டது நிஜமான விஷயம், அத்தை சொன்னதை ஒதுக்காதீர்கள். கடிதத்தைக் காலையில் படியுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று போதும். படித்து முடித்தவுடன் எழுந்து வந்துவிடாமல், மில்லுக்கோ பேப்பருக்கோ பேச்சு திரும்பிய பிறகு கிளம்புங்கள். அழுது முடித்துச் சாப்பிட்டு, மறுநாள் உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் பயமில்லை. சாப்பாடு குறைந்தது, வாரக்கணக்கில் தூக்கமில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வருகிறது என்றால் அன்றைக்கே அத்தையிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது வேறு, அதையும் காட்ட வேண்டும்.

அத்தையிடம் என்ன சொல்வது? உடம்பு பற்றியதை மறைக்கவே கூடாது. கடித விஷயம் தாத்தாவுடையது, அவர்தான் சொல்ல வேண்டும். "தாத்தா தன் தம்பியை நினைச்சு அழுதார் அத்தை, மிச்சத்தை அவர்கிட்டயே கேளுங்க" என்பது பொய்யும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை. தாத்தாவிடமும் "அத்தைக்குத் தெரியட்டுமா?" என்று கேளுங்கள். பல வீடுகளில் இப்படிப்பட்டதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கம், வெளிப்பிள்ளையிடம் சொல்வது சுலபம். உங்களிடம் ஒரு முறை சொல்லிப் பழகிய பிறகு மகளிடம் அவருக்கே சொல்ல வரலாம். தம்பியின் பிள்ளைகளை முகநூலில் தேடும் ஆசை உங்களுக்கு வரும். அவர் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். பேச்சை போனில் பதிவு செய்வதானாலும், ஒவ்வொரு முறையும் அவர் சரி என்ற பிறகுதான்.

உங்கள் ஏக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அப்பாவிடம் கேட்கக் கிடைக்காததைத் தாத்தாவிடம் கேட்கிறீர்கள், அதில் களங்கம் ஒன்றும் இல்லை. அதை அவரிடமே சொல்லலாம், அவருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருக்குமே. அவர் அசதியாக இருக்கும் நாளில் பேச்சே இல்லாமல் மருந்து மாத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வர உங்களால் முடிகிறது என்றால், நீங்கள் பயப்படும் சுயநலம் உங்களிடம் இல்லை. மிச்சக் கடிதங்களையும் படித்துக் காட்டுங்கள்.