தாளில் உள்ள குதிரையும் லாயத்தில் நிற்கும் குதிரையும்
வாசகர் கேள்வி – பதில்

கொழும்பிலும் மலையகத்திலும் குதிரை வைத்திருப்போரும் வாங்க நினைப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, வம்சப் பதிவிலும் கால்நடை வைத்தியத்திலும் பழகியவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: நுவரெலியாவில் வைத்து வளர்க்க, இந்தியாவிலிருந்து வந்த ஆறு வயதுத் தொரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பெட்டைக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. தரகர் ஐந்து தலைமுறை வம்சத் தாள் காட்டுகிறார். அது இந்தக் குதிரைக்கு உரியதுதான் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐந்து தலைமுறைத் தாளில் 62 முன்னோர் பெயர்கள் இருக்கும். குதிரையின் பெயர் தெரிந்த எவரும் அதைக் கணினியில் எடுத்து அச்சடித்துவிடலாம். ஆகவே அதை அடையாளப் பத்திரமாகக் கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது குதிரையின் பாஸ்போர்ட். இந்தியத் தொரோபிரெட்களின் பதிவு புனேயில் உள்ள ஸ்டட் புக் ஒதோரிட்டியிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குதிரையின் உருவப் படம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள், மைக்ரோசிப் இலக்கம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும்.

முதலில் சிப். இடப்பக்கக் கழுத்தில், உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே இருக்கும். மிருக வைத்தியரின் ஸ்கானரால் இரண்டு பக்கமும் தேடச் சொல்லுங்கள். 15 இலக்கங்களும் ஒன்றுவிடாமல் ஒத்துப்போக வேண்டும். கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது பல். ஐந்து வயதில் வெட்டுப்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்களாகிவிடும். ஆறு வயதளவில் கீழ்த்தாடை நடுப்பல் இரண்டிலும் உள்ள குழி மறையத் தொடங்கும். பக்கப் பற்களிலும் குழி மறைந்திருந்தால் வயதை மீண்டும் கேளுங்கள். தாளில் உள்ள வயது சில மாதம் முன்பின்னாகத் தெரிவதில் தவறில்லை. வட கோளத்தில் பிறந்த தொரோபிரெட் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1, அவுஸ்திரேலியா போன்ற தென் கோள நாடுகளில் பிறந்தவற்றுக்கு ஆகஸ்ட் 1 என்றுதான் வயது கூடும். ஏப்ரலில் பிறந்த இந்தியக் குட்டிக்கும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது.

பிறகு நிறம். பணம் செலவில்லாத சோதனை இது; எங்களுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். செஸ்நட் என்பது உடம்பு, பிடரி, வால் எல்லாம் செம்பு நிறம். 'பே' என்றால் செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால், கறுப்புக் கால். தாயும் தகப்பனும் செஸ்நட் என்றால் குட்டியும் செஸ்நட்தான். கறுப்புப் பிடரி வர வழியே இல்லை. அதுபோல வயது ஏற ஏற நரைத்து வெள்ளையாகும் 'கிரே' குதிரைக்குப் பெற்றோரில் ஒன்றாவது கிரேயாக இருந்தே ஆக வேண்டும். தாளில் பெற்றோரின் நிறத்தைப் பாருங்கள். பொருந்தாவிட்டால் தாள் வேறு குதிரையுடையது, அல்லது தகப்பன் வேறு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கருஞ்செம்பு நிறச் செஸ்நட்டை அவசரத்தில் பழுப்பு என்று எழுதிவிடுவார்கள். பிடரியையும் முழங்காலுக்குக் கீழேயும் வெயிலில் நின்று பாருங்கள்.

இவ்வளவும் சரிவந்த பிறகும் மனம் ஒப்பவில்லையானால் டி.என்.ஏ. பிடரி மயிரில் 20 முதல் 30 வரை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த மயிரில் வேர் இராது, பயனில்லை. கடதாசி உறைக்குள் வையுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பதிவேட்டில் உள்ள தாய் தகப்பன் மாதிரியோடு ஆய்வுகூடம் ஒப்பிடும்.

தரகர் "செயற்கைச் சினைப்படுத்தலில் பிறந்த தொரோபிரெட்" என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இயற்கையாகச் சேர்த்துப் பிறந்த குட்டிகளை மட்டுமே தொரோபிரெட் பதிவேடுகள் ஏற்கும்.

கேள்வி: வாங்கும்போது சுழி பார்க்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பாருங்கள், ஆனால் ராசிக்காக அல்ல. மயிர்ச் சுழி குட்டி பிறக்கும்போது எங்கே இருக்கிறதோ சாகும்வரை அங்கேயே இருக்கும். நெற்றியில் ஒன்றா இரண்டா, கண் மட்டத்துக்கு மேலா கீழா, கழுத்தில் எந்தப் பக்கம் என்று குதிரைக்குக் குதிரை மாறும். அதனால்தான் பாஸ்போர்ட் படத்தில் ஒவ்வொரு சுழியும் பெருக்கல் குறியால் காட்டப்படுகிறது. உடம்பில் வெள்ளையே இல்லாத குதிரைக்கு இதைவிட நல்ல வெளி அடையாளம் கிடையாது. கெட்ட சுழி என்று ஒன்று இல்லை.

கேள்வி: விவசாய மாவட்டங்களில் உழவுக் குதிரைகளின் வம்சத்தை எப்படிக் காத்தார்கள்? பந்தயக் குதிரைக்குத்தானே வம்சப் பதிவு?
– விவசாய பீட மாணவர், தெஹிவளை

பதில்: பதிவேட்டில் முந்தியது பந்தயக் குதிரைதான். இங்கிலாந்தின் ஜெனரல் ஸ்டட் புக் 1791இல் முன்னோடித் தொகுதியாக வெளிவந்தது. உழவுக் குதிரைகளுக்கான சங்கங்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தன: ஸ்கொட்லாந்தில் கிளைட்ஸ்டேல் சங்கம் 1877, இங்கிலாந்தில் ஷயர் குதிரைகளுக்கான சங்கம் 1878.

ஆனால் வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. பருவ காலத்தில் பொலிக்குதிரையைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் ஊர் ஊராக நடப்பார். எந்தக் கிழமை எந்தச் சத்திரத்தில் தங்குவார், குதிரையின் தகப்பன் யார், தாய் யார், கட்டணம் எவ்வளவு என்று அச்சிட்ட அட்டை விவசாயிகளுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் அதே இடத்துக்கு வருவார். பெட்டைக் குதிரையின் பருவச் சுற்று 21 நாள். ஆகவே மூன்றாம் வாரம் அவர் வரும்போது பெட்டை பொலிக்குதிரையை ஏற்றால் சினை நிற்கவில்லை, உதைத்தால் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஸ்கான் இல்லாத காலத்தின் ஸ்கான் அது. தரமற்ற பொலிக்குதிரைகளும் இப்படித் திரிந்ததால் பிரித்தானியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

கிழக்கு இங்கிலாந்தின் களிமண் வயல்களுக்கு உரிய சஃபோக் பஞ்ச் இனத்தில், இன்று உள்ள குதிரைகள் எல்லாமே 1768இல் பிறந்த ஒரே ஒரு பொலிக்குதிரையின் ஆண் வழியில் வந்தவை. அந்த இனம் முழுவதும் செஸ்நட். மேலே சொன்ன நிற விதியை ஓர் இனமே நின்று நிரூபிக்கிறது.

கேள்வி: வம்சத் தாளில் '3×4' என்று இருப்பது என்ன? என்னிடம் உள்ள பொலிக்குதிரைக்கு அதன் பேத்தியையே விடலாமா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: ஒரே முன்னோர் தகப்பன் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கம் நாலாம் தலைமுறையிலும் வருகிறார் என்று பொருள். பெற்றோரை முதல் தலைமுறையாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 6. அரையை ஆறு தடவை பெருக்கினால் 64இல் ஒன்று, அதாவது சுமார் 1.6 வீதம். இதுதான் உள்ளினச் சேர்க்கையின், அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதன் அளவு. பலர் இதற்கு அஞ்சுவதில்லை. பேத்தியோடு சேர்த்தால் 1×3, அதாவது எட்டில் ஒன்று, 12.5 வீதம். மகளோடு சேர்த்தால் 25 வீதம். பேத்திக்கு விட வேண்டாம். மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும், சினை பிடிப்பதும் குறையும். ஒரே முன்னோர் பல இடங்களில் வந்தால் ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

இதோடு சேர்த்து: தொரோபிரெட் வியாபாரத்தில் 'அரைச் சகோதரன்' என்றால் தாய் ஒன்று என்று மட்டுமே பொருள். ஒரு பொலிக்குதிரைக்கு வருடத்தில் நூறு குட்டிகளும் பிறக்கலாம். பெட்டைக்கு ஒன்றுதான். தாயின் மற்றக் குட்டிகள் எப்படி இருந்தன என்று விசாரிக்காமல் தகப்பன் பெயரில் மயங்குவது எங்கள் பார்வையில் பெரிய தவறு.

கேள்வி: எங்கள் நெடுந்தீவுக் குதிரைகளுக்கு வம்சாவளி எழுத முடியுமா?
– நெடுந்தீவைச் சேர்ந்தவர், வத்தளை

பதில்: பின்னோக்கி முடியாது. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அங்கு கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழி வந்தவை, பிறகு காட்டில் தாமாகப் பெருகியவை; எது எதன் குட்டி என்று எழுதிவைத்தவர் இல்லை. இன்று முதல் முடியும். ஒவ்வொரு குதிரையையும் இருபுறமும் முகமும் படமெடுத்துச் சுழிகளைக் குறித்து, எந்தக் குட்டி எந்தத் தாயிடம் பால் குடிக்கிறது என்று எழுதத் தொடங்கினாலே தாய்வழி நிச்சயமாகிவிடும். வெளிக் குதிரைகளைக் கொண்டுபோய்க் கலந்தால் அந்தத் தனித்தன்மை போய்விடும். அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: என் பெட்டைக்கு மூன்று தடவை சேர்த்தும் சினை நிற்கவில்லை. பகல் வெளிச்சம் குறைவு என்பதாலா?
– வாசகர், நுவரெலியா

பதில்: இல்லை. இரவில் விளக்குப் போட்டு 16 மணித்தியால வெளிச்சம் கொடுப்பது ஐரோப்பாவின் குறுகிய குளிர்காலப் பகலுக்கான வழி. நுவரெலியாவில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை.

பெரும்பாலும் பிழைப்பது நாள் கணக்கு. பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். முட்டை வெளிவருவது அது முடிவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்புதான். விந்து இரண்டு நாள் வரை தாங்கும். முட்டையோ அரை நாள்கூடத் தாங்காது. முதல் நாளே ஒரு தடவை சேர்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் விந்து காத்திருந்து செத்துவிடும். தினமும் தடுப்புக்கு அப்பால் பொலிக்குதிரையைக் காட்டுங்கள். வாலைத் தூக்கி, காலை அகட்டி, சிறிது சிறிதாகச் சிறுநீர் விட்டால் பருவம். காதை மடித்து உதைத்தால் இல்லை. மூன்றாம் நாள் சேர்த்து, அவள் மறுக்கும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேருங்கள். வைத்தியர் ஸ்கான் செய்து சூலகத்தில் முட்டை இருக்கும் நீர்ப்பை 35 மில்லிமீற்றரைத் தாண்டிய பின் சேர்த்தால் ஒரு தடவையே போதும்.

அதற்கும் நிற்காவிட்டால் இரண்டைப் பாருங்கள். மெலிந்த, வயதான பெட்டையில் ஆசனவாய் உள்வாங்கி, பெண்குறி சாய்ந்து, சாணமும் காற்றும் உள்ளே போகும். கருப்பையில் கிருமி தங்கும். வைத்தியர் மேற்பாதியைத் தைத்துவிடலாம். மற்றது, பொலிக்குதிரைக்குக் கடந்த இரண்டு மாதத்தில் கடும் காய்ச்சல் வந்ததா? விந்து உருவாக ஏறத்தாழ 60 நாள் ஆகும்; காய்ச்சலின் கேடு பின்னரே தெரியும்.

சினை நின்றால் 14 – 16ஆம் நாளில் ஸ்கான் கட்டாயம். இரட்டை என்றால் ஒன்றை அப்போதே வைத்தியர் நசுக்கிவிட வேண்டும். 16ஆம் நாளுக்குப் பின் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம். விட்டுவிட்டால் பெரும்பாலும் ஏழெட்டு மாதத்தில் இரண்டும் போய்விடும். சினைக்காலம் சராசரி 340 நாள்: ஏப்ரல் 15இல் நின்றால் மார்ச் 21 அளவில் எதிர்பாருங்கள். 320க்கும் 360க்கும் இடையில் எப்போதும் ஈனலாம்.

கேள்வி: சினைப் பெட்டைக்குத் தவிடும் கினிப்புல்லும் தாராளமாகக் கொடுக்கிறோம். முகத்தின் இருபுறமும் வீங்கியதுபோல் இருக்கிறது, நொண்டுகிறது.
– வாசகர், மன்னார்

பதில்: தாராளம்தான் காரணமாக இருக்கலாம். நெல் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கினிப்புல்லில் உள்ள ஒக்சலேற்று இருக்கிற கல்சியத்தையும் கட்டிப்போடும். மாடு அதை இரைப்பையில் சிதைத்துக்கொள்ளும், குதிரையால் முடியாது. உடம்பு எலும்பைக் கரைத்துக் கல்சியம் எடுக்க, தாடை எலும்பு நார்போல் தடித்து வீங்கும். தவிட்டை உடனே குறையுங்கள். கொடுப்பதானால் ஒரு கிலோவுக்கு 50 – 60 கிராம் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், வாய் வெந்துவிடும். புல்லையும் மாற்றிக் கொடுங்கள். வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மாடு ஈனும்போது கவனித்துப் பழக்கம் உண்டு. குதிரைக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, புத்தளம்

பதில்: நேரம். பன்னீர்க்குடம் உடைந்து அரை மணித்தியாலத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும். 20 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் வைத்தியரை அழையுங்கள். வெண்ணிறப் பைக்குப் பதிலாகச் சிவந்த வெல்வெற் போன்ற சவ்வு முதலில் வந்தால் காத்திராமல் கிழித்துக் குட்டியை எடுங்கள், அதற்கு மூச்சு முட்டுகிறது. ஒரு மணித்தியாலத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்றில் இளங்கொடி விழ வேண்டும்.

மாட்டுக்கு இளங்கொடி நாளைக்கு விழும் என்று காத்திருப்போம். குதிரைக்கு அப்படிக் காத்திருந்தால் நஞ்சேறிக் குளம்பு அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும். கையால் இழுக்கவும் கூடாது. தொங்குவதை முடிச்சுப்போட்டு, மிதிபடாமல் வைத்து, வைத்தியரை அழையுங்கள். விழுந்த பின் ஆலமரத்தில் கட்டக் கொண்டுபோகுமுன் தரையில் விரித்துப் பாருங்கள். காற்சட்டை போல இரண்டு கிளை இருக்கும். இரண்டின் நுனியும் முழுதாக இருக்கிறதா என்று வைத்தியருக்குக் காட்டிய பிறகு கட்டுங்கள்.