நாம்பன் தீன் எடுக்காமல் சாணி தண்ணியாகப் போனால்

உங்கள் 3 நாம்பன்களும் (இளங்காளைகள்) தீன் எடுக்கவில்லை, சாணி தண்ணியாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறுணலை இன்றே நிறுத்துங்கள். மூன்றுக்கும் வைக்கோலும் தண்ணீரும் மட்டும் போதும். குடற்பூச்சி மருந்து இப்போதைக்கு வேண்டாம்.

வெல்லாவெளியில் மேய்ச்சலில் நின்றவற்றைக் கொட்டிலில் கட்டி, நாலாம் நாளே ஆளுக்கு 3 கிலோ குறுணல் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அதில்தான். மாவுச்சத்து திடீரென்று கூடினால் பெரிய வயிற்றில் அமிலம் ஏறும். காரஅமில அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடும். அவை புதுத் தீனுக்குப் பழக 2, 3 கிழமை வேண்டும். வைக்கோல் மென்றால் உமிழ்நீர் நிறைய ஊறும், அதிலுள்ள சோடாச்சத்து அமிலத்தை அடக்கும்.

ஒரு கைப்பிடி சாணியை வடியில் போட்டுக் கழுவிப் பாருங்கள் (குசினி வடியைத் தொடாதீர்கள், நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன்). செரிக்காத குறுணலும் விரல்கணு நீள நாரும் தங்கினால், சாணியில் நுரைக்குமிழியும் இருந்தால், ஏறக்குறைய இதுதான். மத்தியானம் படுத்திருக்கும்போது இரைமீட்கிறதா என்றும் பாருங்கள்.

தேறியதும் அரைக் கிலோவில் தொடங்கி, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். வைக்கோலுக்குப் பிறகுதான் குறுணல். அப்புறம் ஒரே நேரத்தில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள்.

மூன்றில் ஒன்று மட்டும்தான் சுணங்குகிறது, காய்ச்சல் இருக்கிறது, சாணியில் இரத்தம் என்றால் நான் சொன்னது பொருந்தாது. இடப்பக்கம் ஊதினாலோ, எழும்பாமல் கிடந்தாலோ வாயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்காமல் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.