37 வயதில் சட்டக் கல்லூரி: பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 13 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 48,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 26,000. தனியார் பள்ளி ஆசிரியையான மனைவிக்குச் சம்பளம் 16,000. மகள்கள் எட்டாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம் உட்பட மாதச் செலவு 38,000. 2 லட்ச ரூபாய் சீட்டுக்கு மாதம் 10,000 கட்டுகிறேன்; இன்னும் எடுக்கவில்லை, 8 மாதம் பாக்கி. வங்கி வைப்பு 4 லட்சம், பி.எஃப். 7 லட்சம். கம்பெனியின் செக் பவுன்ஸ் வழக்குகளுக்காகக் கோப்போடு நீதிமன்றத்துக்கு நடந்த இரண்டு ஆண்டுகளில் வக்கீல் ஆகும் ஆசை வந்துவிட்டது. பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு வரும் ஜூனிலேயே மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாமா?

பதில்: சேருங்கள். வரும் ஜூனில் மட்டும் வேண்டாம். அதற்கடுத்த சேர்க்கைக்கு ஏறத்தாழ 18 மாதம் இருக்கிறது. அந்த 18 மாதமும் உங்களுக்குத் தேவைப்படும்.

பலரும் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கோவை அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் உங்களுக்குப் பெரிய சுமையாக இராது. சுமை, வராமல் போகும் சம்பளம். மனைவியின் 16,000 போக மாதம் 22,000 ரூபாய் பற்றாக்குறை. மூன்று ஆண்டுக்கு 7.92 லட்சம். பட்டம் வாங்கிய மறுநாளே வருமானம் வந்துவிடாது. ஜூனியர் வக்கீல்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறங்களில் 15,000 கொடுக்கலாம் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் 2024-ல் பரிந்துரைத்தது. அது கட்டாயம் அல்ல. முதல் இரண்டு ஆண்டு மாதம் 10,000 வரும் என்றே கணக்குப் போடுங்கள், அப்போதும் 2.88 லட்சம் துண்டு விழும். ஆக உங்களுக்குத் தேவை 10.8 லட்சம். மூன்று ஆண்டுக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு இறங்குகிறவர்கள் நான்காம் ஆண்டில் பழைய வேலைக்கே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். படித்தது வீணாகிற வேதனை அது.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? வங்கியில் 4 லட்சம். பணிக்கொடை (கிராஜுவிட்டி), அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 13 ஆண்டால் பெருக்கினால் 1.95 லட்சம், நீங்கள் விலகும்போது இன்னும் கொஞ்சம் கூடும். சீட்டு 2 லட்சம். மொத்தம் 7.95 லட்சம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு வருவது 64,000. செலவும் சீட்டும் சேர்ந்து 48,000. மீதி 16,000 ரூபாய் எங்கே போகிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குறை சொல்லவில்லை, பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் கரைகிறது. அந்த 16,000-ஐ 18 மாதம் பிடித்து நிறுத்தினால் 2.88 லட்சம். சீட்டு முடிந்த பின் மிஞ்சும் 10 மாதத்துக்கு 10,000 வீதம் இன்னொரு லட்சம். இப்போது மொத்தம் 11.83 லட்சம். தேவையான 10.8 போக மிஞ்சுவது கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும். பி.எஃப்.பைத் தொடவே இல்லை, பாருங்கள்.

அதைத் தொடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. வக்கீல் தொழிலில் ஓய்வூதியமோ பி.எஃப்.போ கிடையாது. இந்த 7 லட்சம் 8 சதவீத வட்டியில் 20 ஆண்டு கிடந்தால் 32 லட்சத்தைத் தாண்டும். வேலையை விட்டாலும் 58 வயது வரை வட்டி சேரும். விலகிய பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. உங்கள் பணிக்காலம் 10 ஆண்டைக் கடந்துவிட்டதால் ஓய்வூதியப் பங்கு தனி. பின்னாளில் அந்த ஓய்வூதியத்தைக் கோர உதவும் திட்டச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கம்பெனியின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதற்குப் புதிய பாலிசியில் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். இப்போதே எடுத்தால் அதில் 18 மாதம் கழிந்துவிடும். டேர்ம் பாலிசிக்கு, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீட்டுக்கு, வருமானச் சான்று கேட்பார்கள். அதனால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுங்கள். மனைவி பெயரிலும் ஒன்று எடுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுக்கு வீடு அவர் சம்பளத்தில்தான் நிற்கப் போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கல்லூரிக்கே போக வேண்டாம், வேலையில் இருந்தபடியே வெளிமாநிலப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று தரகர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தொலைதூரச் சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிய முடியாது. வகுப்புகளுக்கு 70 சதவீத வருகை வேண்டும். பதிந்த பிறகு முழுநேரச் சம்பள வேலையும் பார்க்கக் கூடாது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. லட்சக் கணக்கு சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் 13 ஆண்டு அனுபவமும் ஒரு முதல்தான். பையர் பணம் இழுத்தடிப்பது, ஜாப் ஒர்க் தகராறு, 138-வது பிரிவு செக் வழக்கு எல்லாம் உங்களுக்குப் பழகிய விஷயம். படிப்பில் 12 வாரம் பயிற்சி உண்டு; அதை இத்தகைய வழக்குகளை நடத்தும் சீனியரிடம் செய்யுங்கள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளம் வந்த அன்றே அந்த 16,000-ஐ அதில் போடுங்கள். சீட்டுப் பணமும் போக உங்கள் பங்காக வீட்டுக்கு வருவது 22,000 மட்டுமே. அந்தக் கணக்கிலிருந்து மூன்று மாதம் தொடர்ந்து பணம் எடுக்க வேண்டி வந்தால், உங்கள் உண்மையான செலவு 38,000 அல்ல. அப்போது உண்மையான தொகையை எனக்கு எழுதுங்கள். கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்.